ரங்கூன் ஈரத்தில் வாட்ச்: திறப்பது, மூடுவது, உலர்த்துவது

ரங்கூனில் வாட்சைக் கெடுப்பது ஈரம்தான். மே நடுவில் பிடிக்கும் மழை அக்டோபர் வரை விடுவதில்லை. ஜூன், ஜூலை, ஆகஸ்டு மூன்றிலும் மாதத்துக்கு 500 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டுகிறது. வருடக் கணக்கில் சென்னையைப் போல ஏறத்தாழ இரண்டு பங்கு. மழைக்கு முன்னால் ஏப்ரல் வெயிலில் தின்ஜான் என்னும் பர்மியப் புத்தாண்டுத் திருவிழாவில் ஊற்றும் தண்ணீர், வருடம் முழுக்க வியர்வை, கன்னத்திலும் கையிலும் பூசும் மரப்பட்டைச் சாந்தான தனகா. சில வருடத்துக்கு ஒரு முறை சர்வீஸ் செய்தால் போதும் என்று ஜப்பானிலோ சுவிட்சர்லாந்திலோ கையேடு எழுதியவர்கள் இந்தக் காற்றை மனதில் வைத்து எழுதவில்லை. இங்கே வாட்ச் பராமரிப்பு என்றால் முதல் கவனம் பின் மூடிக்கும், அதற்கடியில் இருக்கும் ரப்பர் வாஷருக்கும், பக்கவாட்டில் இழுத்துத் திருப்பும் குமிழான கீக்கும் போக வேண்டும். மெஷின் அதற்கு அப்புறம்தான்.

எந்த மாதத்தில் திறப்பது

பேட்டரி மாற்றவோ வாஷர் மாற்றவோ பின் மூடியைத் திறக்கும்போது வெளிக்காற்று உள்ளே போகிறது. மூடியதும் அதே காற்று உள்ளே அடைபட்டுவிடும். மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பத்தில் ஈரப்பதம் 85 சதவீதம் இருந்தால், அந்தக் காற்று 27 டிகிரிக்குக் குளிர்ந்தவுடனே பனிக்கத் தொடங்கும். அதாவது கடையில் மூடிய வாட்சைக் கட்டிக்கொண்டு ஏ.சி. பஸ்ஸில் ஏறினாலே கண்ணாடிக்கு உள்பக்கம் மங்கிவிடும். தண்ணீர் ஒரு சொட்டுகூட நுழைந்திருக்காது, வாஷரும் நன்றாகவே இருக்கும். திறந்த நேரம்தான் தப்பு. ஜனவரி பிற்பகலில் அதே 30 டிகிரியில் ஈரப்பதம் 45 சதவீதம் என்றால் பனிக்கும் புள்ளி சுமார் 17 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. சாதாரண ஏ.சி. அறை அவ்வளவு குளிர்வதில்லை.

ஆகவே வாஷர் மாற்றுவது, சர்வீஸ், கண்ணாடி மாற்றுவது போன்ற ஒத்திப்போடக்கூடிய வேலைகளை டிசம்பர் முதல் பிப்ரவரி வரைக்கும் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். பகல் பதினோரு மணிக்கு மேல் திறப்பது நல்லது. அந்த மாதங்களிலும் விடியற்காலையில் பனி இருக்கும்.

பேட்டரி மட்டும் காத்திருக்காது. ஜூலையில் நின்றுபோன வாட்சை டிசம்பரில் பார்த்துக்கொள்ளலாம் என்று அலமாரியில் போட்டால், தீர்ந்த பேட்டரி உள்ளேயே கசிந்து மெஷினைத் தின்றுவிடும். மழையில் திறந்தே ஆக வேண்டுமென்றால், ஏ.சி. ஓடி அரை மணி நேரமாவது ஆன அறையில் திறங்கள். மின்சாரம் இல்லாத நாளாக இருந்தால், பேட்டரி மாற்றிய பிறகு மூடியைப் போடாமல், வாட்சையும் மூடியையும் சிலிக்கா ஜெல் போட்ட காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு வைத்து, காலையில் எடுத்த கையோடு மூடிவிடுங்கள். டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு வாஷரைத் தேடினால் ராத்திரி உலர்த்தியது வீண். வாஷர், கிரீஸ், மூடியை அழுத்தி உட்கார வைக்கும் பிரஸ் எல்லாம் பக்கத்தில் தயாராக இருக்கட்டும்.

பேட்டரி மாற்றுதல்

விநாடி முள் ஒவ்வொரு விநாடியாக நகராமல் இரண்டு விநாடிக்கு ஒரு முறை தாவினால் பேட்டரி முடியப் போகிறது என்று பொருள். சில சுவிஸ் மெஷின்களில் நான்கு விநாடித் தாவல். எல்லா மெஷின்களிலும் இந்த எச்சரிக்கை கிடையாது, மலிவான மெஷின்கள் சொல்லாமலே நின்றுவிடும்.

எந்த பேட்டரி என்பது பழைய பேட்டரியின் மேலேயே பொறித்திருக்கும். முள் வாட்சுகளில் அதிகம் வருவது எஸ்.ஆர். 626 எஸ்.டபிள்யூ. இன்னொரு பெயர் 377. எண்ணிலேயே அளவு இருக்கிறது. கடைசி இரண்டு எண்ணான 26 என்பது 2.6 மி.மீ. உயரம், குறுக்களவு 6.8 மி.மீ. எஸ்.ஆர். 621-ம் அதே 6.8 தான், ஆனால் உயரம் 2.1. அதனால் 626 இருந்த இடத்தில் 621 அழகாக உட்காரும், வாட்சும் ஓடும். கையை உதறினால் தொடுப்பு விட்டு நின்றுபோகும். 'புது பேட்டரி போட்டும் அடிக்கடி நிற்கிறது' என்று சொல்லும் வாட்சில் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

எஸ்.ஆர். என்று தொடங்குவது சில்வர் ஆக்சைடு, 1.55 வோல்ட். தீரும்வரை வோல்ட் ஏறத்தாழ அப்படியே நிற்கும், கடைசியில் சட்டென்று விழும். எல்.ஆர். என்றோ ஏ.ஜி. என்றோ தொடங்குவது ஆல்கலைன். அட்டை அட்டையாக மலிவாகக் கிடைக்கும். அதில் வோல்ட் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும், கசியும் ஆபத்தும் அதிகம். பொம்மைக்கும் லேசர் விளக்குக்கும் போடலாம். வாட்சுக்கு வேண்டாம்.

இன்னொன்று: சிட்டிசன் இகோ-டிரைவ் போல வெளிச்சத்தில் சார்ஜ் ஆகும் வாட்சில் இருப்பது திரும்பத் திரும்ப சார்ஜ் ஏறும் தனி வகை செல். அதில் சாதாரண எஸ்.ஆர். பேட்டரியைப் போட்டால் அதற்கும் சார்ஜ் ஏறிக் கசிந்துவிடும். நின்றுபோன சோலார் வாட்சைத் திறக்கும் முன், டயல் மேலே பார்க்க ஜன்னலோரம் இரண்டு மூன்று நாள் பகல் வெளிச்சத்தில் வையுங்கள். பெரும்பாலும் அதுவே போதும். கார் டேஷ்போர்டில் மட்டும் வைக்காதீர்கள், ஏப்ரலில் அந்தச் சூடு வாட்சுக்கு ஆகாது.

இனி திறப்பது. அழுத்தி மூடும் வகைப் பின் மூடியில் விளிம்பைச் சுற்றி நகத்தை ஓட்டினால் ஓரிடத்தில் சின்னப் பள்ளமோ உதடு மாதிரி ஒரு நீட்சியோ தட்டுப்படும். கத்தி நுழைவது அங்கே மட்டும்தான். வேறெங்கே நெம்பினாலும் வாஷர் உட்காரும் விளிம்பு கீறிப் போகும், அப்புறம் எந்த வாஷரும் அங்கே தண்ணீரைத் தடுக்காது. கத்தி முனையைப் பள்ளத்தில் வைத்து அழுத்தி, ஸ்குரூடிரைவரைத் திருப்புவது போல மணிக்கட்டை மட்டும் திருப்புங்கள். தோளிலிருந்து பலம் போட்டால் கத்தி வழுக்கி நேரே உள்ளே போகும். கட்டை விரலை வாட்சின் விளிம்பில் ஊன்றிக்கொண்டால் வழுக்கினாலும் கத்தி கால் அங்குலத்தில் நின்றுவிடும்.

அந்தக் கால் அங்குலத்துக்குள் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். பேட்டரிக்குப் பக்கத்தில் செம்பு நிறத்தில் ஒரு சின்ன உருளை தெரியும். அதுதான் காயில். முடியை விட மெல்லிய கம்பி ஆயிரக்கணக்கான சுற்று. இடுக்கி முனை ஒரு முறை உரசினாலே ஒரு சுற்று அறுந்துவிடும், அறுந்தால் மெஷினையே மாற்ற வேண்டியதுதான். கடையிலும் வீட்டிலும் பேட்டரி மாற்றும்போது வாட்ச் செத்துப்போவது அநேகமாக இப்படித்தான். அதனால் பேட்டரியை நெம்பும் கருவி எப்போதும் காயிலுக்கு எதிர்ப்பக்கம் இருந்து உள்ளே போக வேண்டும். பேட்டரியைப் பிடிக்கப் பிளாஸ்டிக் இடுக்கி வையுங்கள். இரும்பு இடுக்கியால் மேலும் கீழும் சேர்த்துப் பிடித்தால் ஷார்ட் ஆகிப் புதுசிலேயே உயிர் குறையும். விரல் ரேகையும் படக்கூடாது, அந்த உப்பு நாளடைவில் தொடுப்பை அரிக்கும்.

திருகி மூடும் வகைக்கு ஆறு பள்ளம் இருக்கும். முதலில் ரப்பர் பந்தை அழுத்தி இடப்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாதி மூடிகள் அதிலேயே வந்துவிடும், கீறலும் விழாது. வராவிட்டால் மட்டும் சாவிக் கருவி.

காசியோ எஃப்-91டபிள்யூ மாதிரி டிஜிட்டலில் நான்கு சின்னத் திருகு, உள்ளே சி.ஆர். 2016 பேட்டரி, 3 வோல்ட். மூடியைத் தூக்கும்போது மெல்லிய ஸ்பிரிங் ஒன்று துள்ளி விழக்கூடும். அது போய்விட்டால் வாட்ச் ஓடும், அலாரம் மட்டும் கத்தாது. வெள்ளைத் துணி விரித்து அதன்மேல் திறந்தால் தேடுவது சுலபம். புது பேட்டரி போட்டதும் 'ஏ.சி.' என்று எழுதிய தொடுப்பையும் பேட்டரியின் மேல்பக்கத்தையும் இரும்பு இடுக்கியால் ஓரிரு விநாடி சேர்த்துத் தொட வேண்டும். தொடாவிட்டால் திரையில் பாதி எழுத்து வரும், அல்லது ஒன்றுமே வராது. பேட்டரியில் இரும்பு இடுக்கி படலாம் என்று சொல்லக்கூடிய ஒரே இடம் இதுதான். நான்கு திருகையும் மூலைக்கு மூலை கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். ஒரு பக்கம் முழுசாக இறுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் மூடி வளைந்து எதிர்மூலையில் இடைவெளி விழும்.

வாஷர், கிரீஸ், மூடல்

பழைய வாஷரைக் குச்சியால் எடுத்து விரலில் வளைத்துப் பாருங்கள். பழைய குக்கர் கேஸ்கட் மாதிரி ஒரு பக்கம் தட்டையாகி, வளைத்தால் வெடிப்பு தெரிந்தால் அதன் வேலை முடிந்தது. பிசுபிசுவென்று விரலில் ஒட்டினாலும் அப்படித்தான். இந்த ஊரில் தினமும் கட்டும் வாட்சுக்கு இரண்டு வருடத்துக்கு ஒரு வாஷர் என்று கணக்கு வைத்தால் சரியாக இருக்கும். பேட்டரி மாற்றும்போது கூடவே மாற்றிவிடலாம். உள் குறுக்களவும் தடிமனும் இரண்டும் பொருந்த வேண்டும். தடிமன் அதிகமானால் மூடி முழுசாக உட்காராது, குறைந்தால் அழுத்தம் விழாது. பள்ளத்தில் சேர்ந்திருக்கும் கறுப்பு அழுக்கைக் குச்சியால் சுரண்டித் துடைத்த பிறகே புது வாஷரை வையுங்கள். ஒரு துணுக்கு அழுக்கு, ஒரு முடி குறுக்கே கிடந்தாலும் தண்ணீர் அந்த வழியாகவே வரும்.

சிலிக்கான் கிரீஸ் வாஷர் பளபளக்கும் அளவுக்குப் போதும். பஞ்சு வைத்த சின்ன டப்பியில் விற்கிறார்கள். அதன் நடுவில் வாஷரை வைத்து மூடி ஒரு சுற்றுச் சுற்றினால் அளவாகப் பூசிவிடும். கட்டி கட்டியாக அப்பினால் தண்ணீர் கூடுதலாகத் தடுக்கப்படாது. அழுக்குதான் ஒட்டும். கிரீஸ் கிடைக்கவில்லை என்று தேங்காய் எண்ணெய் தடவுகிற வழக்கம் உண்டு. வெயிலில் அது தண்ணீராக ஓடி டயலுக்குப் போகும். ஒன்றும் தடவாமல் மூடுவது அதைவிட மேல்.

மூடியைப் போடும்போது கீயின் தண்டுக்கென்று மூடி விளிம்பில் ஒரு வெட்டு இருக்கும். அது கீக்கு நேராக வர வேண்டும். கை அழுத்தத்தில் உட்காராத மூடிக்கு பிரஸ் வேண்டும். பிரஸில் கண்ணாடிப் பக்கம் வைக்கும் அச்சு, கண்ணாடியைத் தொடாமல் அதைச் சுற்றியிருக்கும் உலோக விளிம்பை மட்டும் தாங்குகிற வளையமாக இருக்கட்டும். உப்பிய கண்ணாடிக்குத் தட்டை அச்சை வைத்து அழுத்தினால் 'டக்' என்று விரிசல் விடும், மூடியும் உட்கார்ந்திருக்காது.

கீயை மறந்துவிடக் கூடாது. அதற்குள்ளும் ஒரு குட்டி வாஷர் இருக்கிறது. தினமும் இழுத்துத் திருப்புவதால் பின் மூடி வாஷரைவிட அதுதான் சீக்கிரம் தேயும். திருகிப் பூட்டும் கீ என்றால், அழுத்திக்கொண்டு முதலில் இடப்பக்கம் மெல்லத் திருப்புங்கள். மரை பொருந்தும் இடத்தில் லேசாக ஒரு இறக்கம் விரலுக்குத் தெரியும். அங்கிருந்து வலப்பக்கம் திருகினால் வழுக்கிக்கொண்டு போகும். முறுக்கித் திணித்தால் மரை பிய்ந்துவிடும். கீ மட்டும் போனால் மாற்றுவது சுலபம், கேஸில் இருக்கும் குழாயின் மரை போனால் செலவு பெரிது.

தின்ஜானுக்கு முன்னால் சோதனை

நம் சித்திரைப் பிறப்பும் தின்ஜானும் ஒரே வாரத்தில் வருவதால், புதுத் துணியும் நல்ல வாட்சுமாகக் கோயிலுக்குக் கிளம்பி, திரும்பும் வழியில் முழுக்க நனைவது வழக்கம். பின் மூடியில் '3 பார்' அல்லது '30 மீட்டர்' என்றிருந்தால் முப்பது மீட்டர் ஆழத்துக்கு முங்கலாம் என்று அர்த்தமில்லை. புது வாட்ச் அசையாத நீரில் அவ்வளவு அழுத்தத்தைத் தாங்கியது என்பதுதான் செய்தி. முகம் கழுவும்போது தெறிப்பது, மழைத் தூறல், இவ்வளவுதான் அதன் எல்லை. 10 பார் இருந்தால் நீந்தலாம். தின்ஜானுக்கும் அதையே குறைந்தபட்சமாக வைத்துக்கொள்ளுங்கள்.

பந்தலில் பம்பு வைத்து அடிக்கும் ஹோஸ் தண்ணீரைச் சாதாரணமாக நினைக்க வேண்டாம். விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் வரும் தண்ணீர் மோதுகிற இடத்தில் ஏறத்தாழ 2 பார் அழுத்தம் விழும். வாஷர் வயசான 3 பார் வாட்சுக்கு அதுவே அதிகம். ஐஸ் போட்ட தண்ணீரை ஊற்றும்போது இன்னொரு தொல்லை. வெயிலில் சூடேறிய வாட்ச் சட்டென்று குளிர்ந்தால் உள்ளிருக்கும் காற்று சுருங்கும், பலவீனமான வாஷர் இருந்தால் தண்ணீரை வெளியிலிருந்து உறிஞ்சும்.

அதனால் மார்ச்சில் பிரஷர் டெஸ்ட் செய்துவிடுவது நல்லது. கடையில் செய்தால் முறை சரியா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணாடிக் குழாயில் கீழ்ப்பாதி தண்ணீர், வாட்ச் மேலே காற்றில் தொங்க வேண்டும். பம்பு அடித்து 3 பார் ஏற்றி ஓரிரு நிமிடம் விட்டு, பிறகு வாட்சைத் தண்ணீருக்குள் இறக்கி, அழுத்தத்தை மெல்ல விட வேண்டும். ஓட்டை இருந்தால் உள்ளே ஏறிய காற்று அந்த வழியாகவே குமிழி குமிழியாகத் தொடர்ந்து வரும். வந்தவுடன், அழுத்தம் முழுக்க இறங்கும் முன்பே, வாட்சை மேலே இழுத்துவிட வேண்டும். தாமதித்தால் தண்ணீர் உள்ளே போகும். முதலில் ஒன்றிரண்டு குமிழி வந்து நின்றுவிட்டால் பயமில்லை, அது விளிம்புச் சந்தில் ஒட்டியிருந்த காற்று. வாட்சை நேரே தண்ணீரில் போட்டு 'பாருங்கள், ஒன்றும் ஆகவில்லை' என்று காட்டுபவரிடம் வேலை கொடுக்க வேண்டாம்.

வீட்டிலேயே செய்யக்கூடியது ஒன்று உண்டு. உள்ளே ஈரம் இருக்கிறதா என்று மட்டும் சொல்லும். வாட்சை 40 முதல் 45 டிகிரிக்குச் சூடாக்குங்கள். வெந்நீர் ஊற்றிய எவர்சில்வர் டம்ளரின் மூடி மேல் சிறிது நேரம் வைத்தால் ஆகும், கை பொறுக்கும் சூடு போதும். கண்ணாடி நடுவில் குளிர்ந்த தண்ணீர் ஒரு சொட்டு வைத்து ஒரு நிமிடம் கழித்துத் துடையுங்கள். சொட்டு இருந்த இடத்தில் உள்பக்கம் வட்டமாகப் பனித்திருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது.

கடற்கரைக்கு, ங்வே சாங் பக்கமோ சாவுங்தா பக்கமோ போனால், திரும்பியதும் கீ பூட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரில் ஐந்து நிமிடம் ஊற வையுங்கள். சுழலும் விளிம்பு இருந்தால் தண்ணீருக்குள்ளேயே இரண்டு சுற்று சுற்றுங்கள், அடியில் இருக்கும் மணலும் உப்பும் வெளியே வரும். கீயையோ பொத்தானையோ தண்ணீருக்குள் தொடவே கூடாது. ஏரித் தண்ணீர் அடித்த தின்ஜான் நாளிலும் இந்த ஊறலைச் செய்யுங்கள்.

தண்ணீர் உள்ளே போய்விட்டால்

கண்ணாடிக்குள் முத்து முத்தாக நீர் தெரிகிறது. முதல் வேலை, ஓட்டத்தை நிறுத்துவது. பேட்டரி வாட்ச் என்றால் பேட்டரியை எடுத்துவிடுங்கள், மின்சாரமும் தண்ணீரும் சேர்ந்தால் தொடுப்பு ஒரு நாளிலேயே பச்சை பூக்கும். கீ கொடுக்கும் வாட்ச் என்றால் கீ கொடுக்காதீர்கள், ஆட்டாதீர்கள். பின் மூடியைக் கழற்றி, கீயை வெளியே இழுத்து, சிலிக்கா ஜெல் டப்பாவுக்குள் வைத்து அன்றைக்கே கடைக்குக் கொண்டு போங்கள்.

அரிசி டப்பாவில் புதைப்பது பழக்கமாகிவிட்டது. அரிசி உறிஞ்சுவது கொஞ்சம்தான், அதன் மாவுத்தூள் மெஷினுக்குள் போவதுதான் மிச்சம். ஹேர் டிரையர் இன்னும் மோசம், உள்ளிருக்கும் நீரை ஆவியாக்கி டயலுக்கு அடியிலும் முள்ளிலும் படியவைக்கும்.

உப்புத் தண்ணீர் என்றால் உலர்த்திவிட்டுப் பார்க்கலாம் என்ற பேச்சே கிடையாது. நீர் காய்ந்தாலும் உப்பு நிற்கும், காற்றின் ஈரத்தை மறுபடி மறுபடி இழுக்கும், எஃகுப் பாகங்களில் துரு நிற்காமல் ஓடும். மெஷினைக் கழற்றிப் பாகம் பாகமாகக் கழுவினால்தான் பிழைக்கும். விலை குறைந்த குவார்ட்ஸ் மெஷினானால் புதுசே போட்டுவிடலாம், கழுவும் கூலியைவிடக் குறைவாக இருக்கும்.

செயின், தோல், தனகா

தனகா காய்ந்ததும் தூளாகி செயின் கண்ணிகளுக்குள் இறங்கும். வியர்வையோடு சேர்ந்து பசை மாதிரி இறுகி, ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். செயின் நெரநெரவென்று சத்தம் போட்டால், அல்லது சட்டைக் கைமுனையில் கறுப்பாக ஒட்டினால், கழுவும் நாள் வந்துவிட்டது. வாட்சிலிருந்து செயினைக் கழற்றி, பாத்திரம் கழுவும் சோப்பு சில சொட்டு விட்ட வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் ஊற வைத்து, மென்மையான டூத் பிரஷால் கண்ணிகளை மடக்கி மடக்கித் தேயுங்கள். நன்றாக அலசித் துணியில் ஒற்றி, மின்விசிறிக்குக் கீழே முழுக்கக் காயவிட்டு மாட்டுங்கள். மாதம் ஒரு முறை போதும். தனகா கையில் பூசுகிறவர்கள் வாட்சை அது காய்ந்த பிறகு கட்டினால் பாதி வேலை மிச்சம்.

செயினைக் கழற்றும்போதே இரண்டு முனையிலும் இருக்கும் ஸ்பிரிங் பின்னைப் பாருங்கள். வாட்ச் தொலைவதற்குக் காரணம் பெரும்பாலும் இந்தப் பின்தான். வளைந்திருந்தாலோ, முனை அழுத்தினால் துள்ளித் திரும்பாவிட்டாலோ, துரு தெரிந்தாலோ தூக்கிப் போடுங்கள். வாங்கும்போது ஸ்ட்ராப் அகலத்தை மட்டும் (18, 20, 22 மி.மீ.) சொன்னால் போதாது, தடிமனையும் சொல்ல வேண்டும். சாதாரணப் பின் 1.5 மி.மீ., சீகோவின் பெரிய டைவிங் வாட்சுகளில் 2.5 மி.மீ. வரும். மெல்லிய பின்னை அந்தத் துளையில் போட்டால் ஆடி ஆடித் துளை பெரிதாகிவிடும்.

தோல் ஸ்ட்ராப்பை மழைக்காலத்தில் கட்டவே வேண்டாம் என்பது எங்கள் அபிப்பிராயம். நைலான் துணியோ ரப்பரோ போட்டுக்கொண்டு, தோலை நவம்பரில் எடுத்துக்கொள்ளலாம். பூஞ்சை பிடித்துவிட்டால் வீட்டுக்கு வெளியே வைத்து உலர்ந்த துணியால் துடைத்து, நிழலில் காற்றாட விடுங்கள். நேர் வெயில் பட்டால் தோல் விறைத்து மடிப்பில் வெடிக்கும். உள்பக்கம் கறுத்து நாறத் தொடங்கிய தோலைக் காப்பாற்ற வழியில்லை.

திருவிழாவில் மஞ்சள் தண்ணீர் பட்டு வெள்ளை ரப்பர் ஸ்ட்ராப் மஞ்சளானால் சோப்பு போட்டுத் தேய்த்துச் சலிக்க வேண்டாம். ஸ்ட்ராப்பை மட்டும் கழற்றி இரண்டு பகல் வெயிலில் போட்டால் மஞ்சள் தானாக வெளுத்துவிடும்.

கண்ணாடிக் கீறலுக்கு டூத் பேஸ்ட் வைத்தியம் பிளாஸ்டிக் கண்ணாடிக்கு மட்டுமே பலிக்கும். பழைய எச்.எம்.டி.யிலும் பழைய கீ கொடுக்கும் வாட்சுகளிலும் அதுதான் இருக்கிறது. நகத்தால் தட்டினால் மந்தமான ஓசை வரும். மினரல் கண்ணாடியில் எவ்வளவு தேய்த்தாலும் கீறல் போகாது, மாற்ற வேண்டியதுதான்.

கட்டாத வாட்சை வைப்பது

ரப்பர் விளிம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா, உள்ளே 30 கிராம் நிறம் மாறும் சிலிக்கா ஜெல், முடிந்தால் சின்ன ஈரமானி ஒன்று. 40 முதல் 50 சதவீதம் வரை இருந்தால் நல்லது, 30-க்குக் கீழே போனால் தோல் காயும். ஆரஞ்சு மணி பச்சையானால் நிறைந்துவிட்டது. தட்டில் பரப்பி 120 டிகிரி சூட்டில் இரண்டு மணி நேரம் வைத்தால் மறுபடி ஆரஞ்சாகும். காகிதப் பொட்டலத்தில் வருவதை அப்படிச் சூடாக்க வேண்டாம்.

புடவை அலமாரியில் பாச்சை உருண்டையோடு வாட்சை வைக்காதீர்கள். அதன் ஆவி பிளாஸ்டிக் கண்ணாடியையும் ஸ்ட்ராப்பையும் கெடுக்கும். பேட்டரியை மிச்சம் பிடிக்கக் கீயை இழுத்து வைக்கும் வழக்கமும் இந்த ஊருக்குச் சரிவராது. இழுத்த கீ திறந்த கதவு.

கீ கொடுக்கும் வாட்சும் ஆட்டோமேட்டிக்கும்

கீ கொடுப்பதை வாட்சைக் கையிலிருந்து கழற்றி வைத்துக்கொண்டு, தினமும் ஒரே நேரத்தில், காலையில் செய்யுங்கள். விரலில் தெளிவாகத் தடை தெரிந்ததும் நிறுத்துங்கள். கையில் கட்டியபடியே கொடுத்தால் தண்டு சாய்வாக இழுபட்டுத் தேயும், கீயின் குட்டி வாஷரும் கூடவே தேயும். 'அதிகமாகக் கீ கொடுத்ததால் நின்றுவிட்டது' என்று சொல்லப்படும் வாட்சைத் திறந்தால் அநேகமாக எண்ணெய் காய்ந்து அழுக்கு சேர்ந்திருக்கும். பழைய சீகோ 5-இல் வரும் 7எஸ்26 கையசைவில் ஓடும் ஆட்டோமேட்டிக் மெஷின், அதற்குக் கீ கொடுக்கவே முடியாது. பக்கவாட்டில் முப்பது முறை மெல்ல ஆட்டி ஓட்டிவிட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும்.

இரவு 9 மணிக்கும் விடியற்காலை 3 மணிக்கும் இடையில் முள் நிற்கும்போது தேதியை வேகமாக மாற்றும் நிலையில் திருப்பாதீர்கள். அந்த நேரத்தில் தேதிச் சக்கரத்தைத் தள்ளும் பல் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும், திருப்பினால் உடையும். முள்ளை முன்பக்கமாக ஓட்டித் தேதி மாறுவதைப் பார்த்து, 6 மணியில் நிறுத்தி, நேற்றைய தேதியை வைத்து, பிறகு சரியான நேரத்துக்குக் கொண்டு வாருங்கள். இரண்டு ஊர் நேரம் காட்டும் ஜி.எம்.டி. வாட்ச் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: கிரீன்விச் நேரத்தைவிட பர்மா நேரம் 6.30 மணி முன்னால், இந்தியா 5.30. சரியாக ஒரு மணி வித்தியாசம் என்பதால் தமிழ்நாட்டு நேரம் அழகாக வரும். சிங்கப்பூருக்கு ஒன்றரை மணி, அது அந்த முள்ளில் வராது.

ஒரே நாளில் சில நிமிடம் முந்தத் தொடங்கினால் காந்தம் ஏறியிருக்கும். ஸ்பீக்கர், காந்த மூடி வைத்த போன் உறை, லேப்டாப் மூடி, கைப்பையின் காந்தப் பொத்தான் எல்லாமே காரணமாகலாம். திசைகாட்டியை வாட்சின் மேல் வைத்து நகர்த்தினால் ஊசி ஆடும். காந்தம் நீக்கும் பெட்டி மலிவு. வாட்சை நடுவில் வைத்துப் பொத்தானை அழுத்தி, விரலை எடுக்காமலே கையை ஒரு மீட்டர் தூரத்துக்கு மெல்ல விலக்கி, பிறகு பொத்தானை விட வேண்டும். பக்கத்திலேயே விட்டால் மறுபடி காந்தம் ஏறும். பேட்டரி முள் வாட்சை இதில் காட்ட வேண்டாம்.

சர்வீஸுக்குக் கொடுக்கும்போது 'முழுக்கக் கழற்றி, கழுவி, எண்ணெய் விடுவீர்களா' என்று நேராகக் கேளுங்கள். மெஷினைக் கழற்றாமல் பெட்ரோலில் முக்கி எடுத்தால் அழுக்கு ஓட்டைக்குள் இறங்கி, எண்ணெயும் போய், சில மாதத்தில் மறுபடி நிற்கும். வேலை முடிந்த வாட்சை முழுக் கீயில் டயல் மேலே பார்க்க வைத்தால், உள்ளே முன்னும் பின்னும் ஆடும் பேலன்ஸ் சக்கரம் டைமிங் கருவியில் 270 டிகிரிக்குக் குறையாமல் ஆட வேண்டும். 200-க்குக் கீழே காட்டினால் வேலை முடியவில்லை. கருவி இல்லாத கடையென்றால் ஒரு வாரம் வைத்துப் பார்க்க அவகாசம் கேட்டு வாங்குங்கள். பகல் கையில், இரவு டயல் மேலே பார்க்க இரண்டு நாள், கீ மேலே பார்க்க இரண்டு நாள் வைத்து, தினமும் ஒரே நேரத்தில் போன் நேரத்தோடு ஒப்பிட்டு எழுதி வையுங்கள். 7எஸ்26-க்கு நாளொன்றுக்கு 20 விநாடி பிந்துவதிலிருந்து 40 விநாடி முந்துவது வரை கம்பெனியே ஒப்புக்கொண்ட வரம்பு. நாளுக்கு நாள் ஒரே அளவில் முந்தினால் கடைக்காரர் ரெகுலேட்டரைத் தொட்டுச் சரிசெய்துவிடலாம். ஒரு நாள் முந்தி மறுநாள் பிந்தினால் மறுபடி திறக்கச் சொல்லுங்கள்.